மேற்குப் பார்த்த நிலைக்கதவுக்கு எந்த வார்னிஷ்?

கோட்டையூர் பங்காளி · ஆகஸ்ட் 18

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கோட்டையூரில் இருக்கிறது. பாட்டையா கட்டியது, இப்போது ஐந்து புள்ளிகளுக்கு, அதாவது ஐந்து குடும்பங்களுக்கு, பொது. தை மாதம் அப்பச்சிக்கு மணிவிழா. அதற்குள் மரவேலை எல்லாவற்றையும் புதுப்பித்துவிட வேண்டும் என்று பங்காளிகள் கூடிப் பேசி, பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

வேலை நான்கு இடத்தில். முகப்பு நிலைக்கதவு மேற்குப் பார்த்தது. மதியம் ஒரு மணிக்குப் படியேறும் வெயில் ஆறு மணி வரை கதவை விட்டு இறங்குவதில்லை. வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியுள்ள தூண்களில் வெயில் படாது, ஆனால் ஐப்பசியில் சாரல் அடிக்கும். பட்டாலையில் ஊஞ்சல் பலகை. இரண்டாங்கட்டு அறையில் ஆத்தாவின் பட்டுப்புடவை அலமாரி. நிலையும் தூண்களும் பர்மாத் தேக்கு.

நாங்கள் பேசிய ஒப்பந்தக்காரர், எல்லாவற்றுக்கும் பளபளப்பான இருகலவை பியூ (இரண்டு திரவத்தைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பூச்சு) அடித்துவிடலாம், பத்து ஆண்டுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதே தெருவில் என் சித்தப்பா வீட்டுக் கதவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதைத்தான் அடித்தார்கள். நேற்று போய்ப் பார்த்தேன். கதவின் கீழ்ப்பாதி பாம்புச் சட்டை போல உரிந்து நிற்கிறது. ஓர் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாகக் கையோடு வந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பூச்சு கண்ணாடி போல அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. ஆனால் அதன் முதுகில் சாம்பல் நிறத்தில் மெல்லிய மரநார் ஒட்டியிருந்தது. பூச்சு கெடவில்லை என்றால், கெட்டது எது?

இழைப்புளி · ஆகஸ்ட் 18

காரைக்குடியில் முப்பது ஆண்டுகளாக மரவேலையும் பாலிஷ் வேலையும் செய்கிறேன். எதைப் பூசலாம் என்பதை அப்புறம் பார்ப்போம். ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கண்ணில் படாத மூலையில் பாலிஷ் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பஞ்சு பழுப்பாகிப் பிசுபிசுத்தால் அது அரக்கு, அதாவது பழைய பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷ், மெலமைன், பியூ இவற்றில் ஒன்று. பஞ்சு சும்மா ஈரமாகி மரம் உறிஞ்சிக்கொண்டால் அங்கே எதுவுமே மிஞ்சவில்லை. நான்கு இடத்திலும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

பிசின் · ஆகஸ்ட் 19

பங்காளி கேட்ட கேள்விக்கு அவர் கையில் வந்த துண்டிலேயே பதில் இருக்கிறது. சென்னையில் பூச்சு ஆய்வகம் ஒன்றில் வேலை செய்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மரம் என்பது செல்லுலோஸ் நார்களை லிக்னின் என்ற பொருள் பிணைத்து வைத்திருக்கும் கட்டுமானம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் லிக்னினைச் சிதைக்கிறது. பிணைப்பு போனால் நார் தனித்து நிற்கும். மழை சிதைந்த லிக்னினைக் கழுவிக்கொண்டு போகும். மிஞ்சுவது சாம்பல் நிற நார். வெளியில் கிடக்கும் எந்த மரமும் நரைப்பது இப்படித்தான்.

நிறமில்லாத பூச்சுக்குள் கதிர் தடையின்றி நுழைகிறது. அப்போது பூச்சு நன்றாக இருக்கும்போதே அதன் அடியில் இருக்கும் மரத்தின் மேல்தோல் செத்துப்போகிறது. பூச்சுக்கு ஒட்டிக்கொள்ள ஆதாரம் இல்லை. அதனால்தான் உங்கள் கையில் கண்ணாடித் துண்டும் அதன் முதுகில் சாம்பல் நாரும் வந்தன. இன்னொன்று: மரம் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். பூச்சு எவ்வளவு விறைப்போ, அவ்வளவு சீக்கிரம் மூட்டுகளில் முடி இழை போல வெடிக்கும். அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கினால் வெளியேற வழி கிடையாது.

ஆகவே வெளிக்கதவுக்கு மூன்று குணம் வேண்டும். கதிரைத் தடுக்க வேண்டும், மரத்தோடு சேர்ந்து வளைய வேண்டும், தேய்ந்தால் மேலேயே இன்னொரு பூச்சு ஏற்றுக்கொள்ள வேண்டும். பாய்மரக் கப்பல்களின் கம்பங்களுக்காக உருவான வார்னிஷ் வகை ஒன்று உண்டு. காற்றில் வளையும் கம்பத்தில் உடையாமல் இருக்க, பிசினைவிட எண்ணெயை அதிகமாகச் சேர்த்துக் காய்ச்சுவார்கள். அதன் வழிவந்த வெளிப்புற எண்ணெய் வார்னிஷ், புற ஊதாத் தடுப்பு சேர்த்தது, இந்தக் கதவுக்குப் பொருந்தும். பியூ அளவுக்குக் கடினமாக இருக்காது. கதவை யாரும் மேசையாகப் பயன்படுத்துவதில்லையே, அந்தக் கடினம் அங்கே தேவையும் இல்லை.

பூச்சுக்காரர் · ஆகஸ்ட் 19

பியூ மேல் எல்லோரும் பழி போடுவதைப் பார்த்து எழுதுகிறேன். பதினெட்டு ஆண்டுகளாக ஸ்ப்ரே வேலை செய்கிறேன். அந்தச் சித்தப்பா வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது: உள்வேலைக்கான பியூவை வெளியில் அடித்திருப்பார்கள், நரைத்த மரத்தை முழுவதும் தேய்த்து எடுத்திருக்க மாட்டார்கள். அது வேலையின் குற்றம், சரக்கின் குற்றம் அல்ல. வெளிப்புறத்துக்கென்றே மஞ்சளாகாத அலிபாட்டிக் பியூ இருக்கிறது. கிழக்குப் பார்த்த, தாழ்வாரம் நீண்ட ஒரு கதவுக்கு அதை அடித்துக் கொடுத்தேன். ஆறு ஆண்டுகளாகக் குறையில்லை.

ஊஞ்சல் பலகையில் மட்டும் பியூ தவிர வேறெதையும் நினைக்காதீர்கள். வியர்வை, எண்ணெய்த் தலை, குழந்தைகள் சிந்தும் காபி எல்லாவற்றையும் தாங்கும்.

இழைப்புளி · ஆகஸ்ட் 19

பூச்சுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஊஞ்சலுக்கு நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் கதவு விஷயத்தில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எந்தப் பூச்சும் ஒருநாள் போகத்தான் போகிறது. எண்ணெய் வார்னிஷ் மங்கித் தேய்ந்து போகும். மேலே லேசாக உப்புத்தாள் போட்டு ஒரு பூச்சு கொடுத்தால் முடிந்தது. பியூ போகும்போது தகடு தகடாகப் போகும்; மிச்சத்தை ரிமூவர் வைத்தாலும் எளிதில் எடுக்க முடியாது, சுரண்டித்தான் ஆக வேண்டும். சமமான பலகை என்றால் சுரண்டிவிடலாம். நிலையின் மேல் இருக்கும் கஜலட்சுமிப் பலகையில் யானையின் தும்பிக்கை வளைவுக்குள் எதை விட்டுச் சுரண்டுவீர்கள்? ஒவ்வொரு முறை சுரண்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகமே போய்விடும். என் அப்பா காலத்தில் செதுக்கினவர்களைப் போல இன்று செதுக்க எத்தனை கை இருக்கிறது?

தேவகோட்டை ஆச்சி · ஆகஸ்ட் 20

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக் கதவைக் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவினார்கள். ஒரே நாளில் அழுக்கெல்லாம் போய்விடும் என்றார்கள், போனது உண்மை. மறுநாள் காலையில் தேக்கு முழுவதும் கருத்து, ஆங்காங்கே நார் எழும்பி, பூனை மயிர் போல நின்றது. பிறகு பூசிய வார்னிஷ் ஆறு மாதம் கூடப் பிடிக்கவில்லை. மரத்துக்குள் இறங்கிய காரம் வெளியே வரவில்லை என்று பின்னால் ஒருவர் விளக்கினார். யாரும் அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று நல்லெண்ணெய். எங்கள் அப்பத்தா காலத்திலிருந்து பொங்கலுக்கு முன் கதவுக்கு நல்லெண்ணெய் தடவுவது வழக்கம். நானும் செய்தேன். தடவிய அன்று கதவு கருவறை விளக்கு போல இருக்கும். பங்குனிக்குள் தெருப்புழுதி அத்தனையும் அதில் ஒட்டிக் கரேலென்று ஆகிவிடும். அப்படியென்றால் அந்தக் காலத்தில் மட்டும் எப்படிச் சரியாக இருந்தது?

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பல வீட்டு நிலைகளை இந்தக் கருப்பைப் பார்த்து உளுத்துப்போய்விட்டது என்று எண்ணி விற்றுவிடுகிறார்கள். பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் அதே நிலை சுத்தம் செய்து நிற்கும்போதுதான் உள்ளே வைரம் பாய்ந்த மரம் கல் மாதிரி இருந்தது தெரிகிறது.

பிசின் · ஆகஸ்ட் 20

ஆச்சி, எண்ணெய்களில் மூன்று வகை உண்டு. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக் கெட்டியான படலமாகும். தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் உலராது. நல்லெண்ணெய் இரண்டுக்கும் நடுவே, பிசுக்கென்றே நிற்கும். முன்பு ஆள்கட்டு இருந்த வீட்டில் எண்ணெய் தடவி, அதை உடனே காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தும் எடுத்திருப்பார்கள். துடைப்பதை விட்டுவிட்டுத் தடவுவதை மட்டும் நாம் வைத்துக்கொண்டால் புழுதிதான் சேரும்.

ஆளிவிதை எண்ணெயும் வெளிக்கதவுக்குத் தனியாகப் போதாது. ஈரத்தில் அதன் மேல் பூஞ்சை பிடித்துக் கருக்கும்.

கோட்டையூர் பங்காளி · ஆகஸ்ட் 22

இழைப்புளி ஐயா சொன்னபடி பார்த்துவிட்டேன். வளவுத் தூண்களில் பஞ்சு தேன் நிறமாகிப் பிசுபிசுத்தது. அரக்குதான். கதவின் உள்முகமும் அப்படியே. கதவின் வெளிமுகத்தில் எதுவும் இல்லை. கீழே ஒரு சாண் அளவுக்குச் சாம்பலும் கருப்பும். ஊஞ்சலும் அரக்கு. அலமாரியின் வெளிப்புறம் தின்னருக்கு இளகியது. உட்புறம் வெறும் மரம்.

ஜன்னல்களைச் சொல்ல மறந்துவிட்டேன். பச்சை எனாமல் பெயின்ட், பல அடுக்கு. அதையும் உப்புத்தாள் போட்டு எடுத்துவிட்டு வார்னிஷ் பூசலாமா?

பிசின் · ஆகஸ்ட் 22

ஜன்னலை இப்போதைக்குத் தொடாதீர்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் வீடு முழுவதும் பரவும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும் நஞ்சு அது. கட்டாயம் எடுத்தாக வேண்டும் என்றால் தண்ணீர் தொட்டு ஈரத்தாளில் தேய்த்து, கழிவைச் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும். உரியாத இடத்தில் மேலேயே புதுப் பெயின்ட் அடிப்பது நல்லது.

இழைப்புளி · ஆகஸ்ட் 22

இப்போது வழி தெளிவாகிவிட்டது.

தூண்களைச் சுரண்டவே வேண்டாம். அரக்கின் பெரிய நன்மை, புதுப்பூச்சில் இருக்கும் ஸ்பிரிட் பழைய பூச்சைக் கொஞ்சம் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். இரண்டும் ஒரே தோலாகிவிடும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அரக்குச் செதில். இரும்புப் பாத்திரத்தில் ஊறவைத்தால் கருக்கும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக்கில் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டுங்கள். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் வைத்துக்கொண்டு, நிற்காமல் தேய்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்றன்றைக்கு வேண்டியதைக் கரைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் கரைத்து வைத்த அரக்கு சரியாக உலராது.

அரக்கின் குறையையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் நின்றால் வெள்ளையாகப் பூக்கும், சூட்டுக்கு இளகும். அதனால் சாரல் படும் தூண்களில் மட்டும் கீழ் இரண்டு அடிக்கு அரக்கின் மேல் வார்னிஷ் கொடுக்கலாம். அதற்குப் புதிதாகப் பூசும் அரக்கு மெழுகு நீக்கியதாக இருக்கட்டும்.

பிசின் · ஆகஸ்ட் 22

ஐயா சொன்ன கடைசி வரி முக்கியம். இயற்கை அரக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை மெழுகு உண்டு. அதன் மேல் பியூ ஒட்டாது. ஊஞ்சல் பலகையில் பழைய அரக்கை ஸ்பிரிட்டால் கழுவி முழுவதும் எடுத்த பிறகுதான் பியூ. ஊஞ்சலுக்கு மினுமினுப்பு குறைந்த வகையை எடுங்கள். உட்கார்ந்து எழும் இடத்தில் கீறல் தெரியாது.

அலமாரியின் உட்புறத்துக்கு மெலமைன் அடிக்க விடாதீர்கள். அது அமிலத்தால் இறுகும் வகை, ஃபார்மால்டிஹைட் வெளிவிடும். மூடிய அலமாரிக்குள் அந்த நெடி வாரக்கணக்கில் நிற்கும், பட்டிலும் ஏறும். உள்ளே இரண்டு பூச்சு அரக்கு போதும். வெளிப்புறத்தில் லாக்கர் இருப்பதால் அதையே மேலே ஒரு பூச்சு கொடுத்தால் கலந்துகொள்ளும். மழை ஈரம் இருக்கும் நாளில் மட்டும் லாக்கரைத் தொடாதீர்கள். பனி படர்ந்தது போல வெளுத்துவிடும்.

கோட்டையூர் பங்காளி · ஆகஸ்ட் 23

கதவுக்கு வருவோம். அதுதான் எனக்குத் தூக்கம் வராத இடம்.

இழைப்புளி · ஆகஸ்ட் 23

கதவுக்கு 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180 என்று போங்கள். ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே போட்டால் வார்னிஷ் ஏறியதும் ஒவ்வொரு கோடும் காட்டிக்கொடுக்கும். சாம்பல் நிறம் போய், இளந்தேன் நிறத்தில் தேக்கு வாசனை எழும் வரை தேய்க்க வேண்டும். அந்த வாசனைதான் அடையாளம். செதுக்கு வேலையில் எந்திரமும் கம்பி பிரஷும் கூடாது. உப்புத்தாளைச் சுருட்டி, மூங்கில் குச்சியின் நுனியில் சுற்றி, கையாலேயே போக வேண்டும். கஜலட்சுமிப் பலகைக்கு மட்டும் இரண்டு ஆள் நாள் ஒதுக்குங்கள்.

தேய்த்து முடித்ததும் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, சிறிது நேரத்திலேயே முதல் பூச்சைக் கொடுத்துவிட வேண்டும். தேக்கில் இயற்கையாக இருக்கும் எண்ணெய்ச் சத்து எண்ணெய் வார்னிஷை உலரவிடாது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது மறுபடி மேலே வந்துவிடும். முதல் பூச்சில் டர்பென்டைன் நன்றாகக் கலந்து, மரம் குடிக்கும்படி நீர்க்கக் கொடுங்கள். பிறகு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள் உலரவிட்டு 320-ஆம் எண் தாள்.

எல்லோரும் மறக்கும் இடம் கதவின் அடிமுகம். தரையைப் பார்த்திருக்கும் அந்த வெட்டுமுகம்தான் உறிஞ்சுகுழல் போலத் தண்ணீரைக் குடிக்கிறது. உங்கள் கதவில் கீழ் ஒரு சாண் கருத்ததற்கு அதுவே காரணமாக இருக்கும். கதவைக் கழற்ற முடியாவிட்டாலும் பழைய பல்துலக்கி பிரஷை வளைத்தாவது அங்கே மூன்று முறை பூசிவிடுங்கள்.

வெயில் ஏறிய பலகையில் பூசினால் மேல்தோல் உடனே இறுகிக் கொப்புளம் விடும். மேற்குக் கதவு என்பதால் காலையில் பனி காய்ந்த பிறகு ஆரம்பித்து, பதினோரு மணிக்குள் பிரஷைக் கீழே வைத்துவிடுங்கள். ஆடிக்காற்று ஓய்ந்துவிட்டது. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.

பிசின் · ஆகஸ்ட் 23

ஒரு சேர்க்கை. முதல் இரண்டு பூச்சில் கொஞ்சம் நிறம் கலந்தால் கதவின் ஆயுள் கூடும். ஒளிபுகும் இரும்பு ஆக்சைடு நிறமி என்று ஒன்று உண்டு. நம் காவிக்கு நிறம் தரும் அதே சேர்மம், மிக நுண்ணிய துகளாக. ரேகை தெரியும், ஆனால் கதிர் உள்ளே போகாது.

தேவகோட்டை ஆச்சி · ஆகஸ்ட் 24

காவி என்றதும் பயந்துவிட்டேன். ரேகையை மூடிவிட்டால் தேக்கு என்று சொல்லி என்ன பயன்? ஒரு துண்டுப் பலகையில் பூசிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் தம்பி.

பூச்சுக்காரர் · ஆகஸ்ட் 24

வேலை தொடங்குமுன் இதைப் படியுங்கள். எண்ணெய் வார்னிஷும் ஆளிவிதை எண்ணெயும் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். உலரும்போது அதில் சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். நான் வேலை பழகிய காலத்தில் மூலையில் போட்ட துணிமூட்டை மாலையில் புகைந்ததைக் கண்ணால் பார்த்தேன். விரித்துக் கொடியில் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கிவையுங்கள். ஸ்பிரிட், தின்னர் திறந்திருக்கும் நேரத்தில் சாமி வீட்டில் விளக்கேற்ற வேண்டாம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊஞ்சலுக்கு இருகலவை பியூ அடிப்பதானால் அதன் ஹார்டனரில் (இறுகவைக்கும் இரண்டாம் திரவம்) மூச்சைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுத் தொல்லை உள்ளவர்களை அன்று அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அடிப்பவருக்குத் துணி முகக்கவசம் போதாது, ரசாயன வடிகட்டி உள்ளது வேண்டும்.

கோட்டையூர் பங்காளி · செப்டம்பர் 27

முடிந்தது. ஒப்பந்தக்காரரிடம் பேசி ஊஞ்சலை மட்டும் அவருக்குக் கொடுத்தேன். மற்றதற்கு இழைப்புளி ஐயாவிடம் பழகிய இருவர் வந்தார்கள்.

ஆச்சி சொன்னபடி உடைந்த தேக்குச் சட்டம் ஒன்றில் இரண்டு விதமாகப் பூசி, திண்ணையில் மூன்று நாள் வைத்தோம். நிறம் கலந்த பக்கத்தில் ரேகை குறையவில்லை. பழைய கதவின் நிறத்துக்கு அதுதான் நெருக்கமாக இருந்தது. பங்காளிகள் ஐந்து பேரும் அந்தப் பக்கத்தையே காட்டினார்கள்.

கதவைத் தேய்த்த மூன்றாம் நாள் அந்த வாசனை வந்தது. நூறு ஆண்டை நெருங்கும் மரம் நேற்று அறுத்தது போல மணந்ததை அப்பச்சி நம்பவில்லை. கதவில் கன்னத்தை வைத்து முகர்ந்து பார்த்தார். கஜலட்சுமிப் பலகைக்கு இரண்டு நாள் போதவில்லை, நான்கு நாள் ஆனது. யானைகளின் கால் நகங்கள் வரை செதுக்கியிருக்கிறார்கள் என்பதை என் நாற்பது வயதில் முதன்முறையாகப் பார்த்தேன். வெளிமுகத்துக்கும் நிலைக்கும் எல்லாப் பூச்சும் சேர்த்து இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே ஆனது.

கோட்டையூர் பங்காளி · அடுத்த ஆண்டு, ஜூன் 9

தையில் மணிவிழா நல்லபடியாக நடந்தது. பந்தல் போட்ட நாளில் யாரோ ஈரச் சொம்பைத் தூணடியில் வைத்துவிட்டார்கள். வார்னிஷ் கொடுத்த இடம் என்பதால் தழும்பு விழவில்லை. வார்னிஷ் இல்லாத இன்னொரு தூணின் மேல்பகுதியில் ஈரத்துணி உரசி வெள்ளையாகப் பூத்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லேசாக ஒற்றி எடுத்தேன், போய்விட்டது.

அக்கினி நட்சத்திரம் முடிந்ததும் கதவைக் கூர்ந்து பார்த்தேன். எங்கும் உரியவில்லை, வெடிக்கவில்லை. கீழ்ப் பலகைகளில் மட்டும் மினுமினுப்பு மங்கி, தண்ணீர் தெளித்தால் முத்தாக நிற்காமல் பரவுகிறது. இன்று காலை ஈரத்துணியால் புழுதியைத் துடைத்து, காய்ந்ததும் 320-ஆம் எண் தாளை லேசாகப் போட்டு, ஒரு பூச்சு கொடுத்தேன். எட்டரை மணிக்குத் தொடங்கிப் பத்தேகாலுக்கு முடித்துவிட்டேன். ஒரு தம்ளர் வார்னிஷ் கூடச் செலவாகவில்லை.

சித்தப்பா வந்து நின்று பார்த்தார். அவர் வீட்டுக் கதவில் மிச்சமிருக்கும் பியூவை எடுக்க வேண்டுமாம். பலகைகளுக்குச் சூடுகாற்றுத் துப்பாக்கி வைக்கலாம் என்று நினைக்கிறேன். செதுக்குப் பகுதிக்கு என்ன செய்வது, இழைப்புளி ஐயா?

இழைப்புளி · ஜூன் 9

செதுக்குப் பகுதியில் சூடு வைக்காதீர்கள், மெல்லிய விளிம்பு கருகிவிடும். தானாக உரிந்து வருவதை மட்டும் மூங்கில் சீவலால் எடுங்கள். ஒட்டியிருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். வியாழக்கிழமை நான் அந்தப் பக்கம் வருகிறேன். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.